துடிக்காத செல்லுக்கு மின்னழுத்தம் எதற்கு?

நரம்புச் செல்லைப் போல மின்துடிப்புகளை அனுப்பாத, மூளையின் துணைச் செல்களான கிளியா செல்களில், மின்னேற்றம் கொண்ட அயனிகள் சவ்வைக் கடக்கும் வழிகளான அயனிக் கால்வாய்கள் இருந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன். 1856-இல் இவற்றுக்கு நியூரோகிளியா என்று பெயரிட்ட ருடால்ஃப் விர்சோவே இவற்றை நரம்புகளை இணைத்துவைக்கும் பசையாகத்தான் கண்டார். பசைக்கு மின்சாரம் எதற்கு? இச்செல்கள் உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை அளக்கத் தொடங்கிய பிறகே எனக்கு விடை பிடிபட்டது.

விண்மீன் போலக் கிளைவிட்டிருக்கும் கிளியா வகையான ஆஸ்ட்ரோசைட்டின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கிறது. கிர் 4.1 முதலிய பொட்டாசியம் கால்வாய்கள் திறந்தே இருப்பதால்தான் இந்நிலை நீடிக்கிறது. நரம்புகள் வெளியே தள்ளிய பொட்டாசியத்தை வாரிக்கொள்ள அவை உதவுகின்றன என்பதைப் பாடநூல்கள் சொல்லிவிடுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: எதிர்மின் கொண்ட உட்புறம் நேர்மின் கொண்டவற்றைத் தன்பால் இழுக்கும். கால்சியம் அயனி அவற்றுள் ஒன்று. உடலின் அமில காரச் சூழலில் நேர்மின் ஏற்கும் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் மற்றொன்று. நைட்ரிக் ஆக்சைடு உருவாவது இதிலிருந்துதான். ஆர்ஜினின் நுழைவது கால்வாய் வழியாக அன்று, கடத்திப் புரதங்கள் வழியாக. ஆயினும் அந்தக் கடத்தலின் வேகத்தைச் சவ்வின் மின்னழுத்தம் மாற்றுகிறது. ஆகவே பொட்டாசியம் கால்வாய்களை அடைத்தால், வேறெதுவும் மாறாதவரை, இரண்டின் வரத்தும் தளரும்.

ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியின் மூன்று வகைகளையும் ஒன்றாகப் பேசுவோரிடம் எனக்குப் பொறுமை குறைவு. நரம்பு வகையும் இரத்தநாள வகையும், கால்சியம் கால்மாடுலின் என்னும் புரதத்தைப் பற்றிய பின்னரே விழிக்கின்றன. அழற்சியின்போது சில மணி நேரத்தில் புதிதாக உருவாகும் தூண்டல் வகையோ, கால்சியம் குறைவாக இருக்கும்போதும் கால்மாடுலினை இறுகப் பற்றியிருப்பதால், கால்சியத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் ஆர்ஜினின் இல்லாமல் அதற்கும் வேலை இல்லை.

மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா, எலியில், பாக்டீரியாவின் வெளியுறைப் பொருளான லிப்போபாலிசாக்கரைடு பட்டாலே நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டும். மனிதச் செல்கள் அப்படியல்ல; வளர்ப்பில் இன்டர்லூகின்-1 பீட்டா, இன்டர்ஃபெரான் காமா ஆகிய அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களுக்கு முதன்மையாக விடையளிப்பவை ஆஸ்ட்ரோசைட்டுகளே. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல நான் தயங்குவது இதனால்தான்.

நைட்ரிக் ஆக்சைடு நொடிகளில் கரைந்துபோவதால், அது விட்டுச்செல்லும் நைட்ரைட்டைத்தான் கிரீஸ் வினைப்பொருளால் அளக்கிறோம். 96 குழித் தட்டில் அதைச் சொட்டவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால், நைட்ரைட் உள்ள குழிகள் இளஞ்சிவப்பாகும். ஒருமுறை செல்லே இல்லாத குழிகளும் சிவந்தன. நான் பயன்படுத்திய நீரிலேயே நைட்ரைட் கலந்திருந்தது. இரண்டு வார உழைப்பு வீண்.

அதைவிட நுட்பமான பிழை ஒன்று பின்னர் புலப்பட்டது. கால்வாயை அடைத்தும் நிறம் குறையாததால், மின்னழுத்தத்துக்குப் பங்கில்லை என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். வழக்கமான டிஎம்இஎம் வளர்ப்பு ஊடகத்தில் ஆர்ஜினின் 0.4 மில்லிமோலார், இரத்தப் பிளாஸ்மாவிலோ ஏறத்தாழ 0.1. வெளியே அவ்வளவு கொட்டிக்கிடக்கும்போது, இழுவை தளர்ந்தாலும் நொதிக்குப் பஞ்சம் தெரியாமல் போயிருக்கலாம். அந்த வரியை அடித்துவிட்டேன். அதே சோதனையை 0.1 மில்லிமோலாரில் மறுபடி தொடங்கியிருக்கிறேன்.