ஹெலேனா தாய் தங்கியிருந்த மலைக்கு

புதுச்சேரியில் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று நான் பாரிஸில், சேன்-லூ சேன்-ஜில் கோயிலில் முழந்தாளிட்டிருந்தேன். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாயான புனித ஹெலேனாவின் திருப்பண்டங்கள், அதாவது அவருடைய உடலின் எச்சங்கள், அங்கே இருக்கின்றன. "தாயே, உன் பெயரைத் தாங்கிய என் அம்மாவைக் காப்பாற்று. நீ தொள்ளாயிரம் ஆண்டு தங்கியிருந்த ஊருக்கே வந்து திரி ஏற்றுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். அம்மா பிழைத்துவிட்டார். தாயின் திருநாளான ஆகஸ்ட் 18 அன்று கடனைத் தீர்க்கக் கிளம்பினேன்.

அந்த ஊர் ஓவில்லே. உலகம் அதை ஷாம்பெயின் என்னும் நுரைக்கும் மது பிறந்த ஊர் என்கிறது. ரேன்ஸ் நகரத்து ஆயர் புனித நிவார் கண்ட கனவில் ஒரு புறா வட்டமிட்டு மரத்தில் அமர்ந்தது; அந்த இடத்திலேயே 650ஆம் ஆண்டு வாக்கில் மடம் எழுந்தது என்பது வழிவழிச் செய்தி. 9ஆம் நூற்றாண்டில் துறவி ஒருவர் ஹெலேனா தாயின் திருப்பண்டங்களை ரோமிலிருந்து அங்கே கொண்டுவந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் மடம் மூடப்பட்டபோது டோம் குரொசார் என்னும் துறவி அந்தத் திருப்பண்டங்களைக் காப்பாற்றி ஒளித்துவைத்தார். அவர் இல்லையென்றால் பாரிஸில் நான் யார் முன் அழுதிருப்பேன்?

எப்பெர்னே நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கினால் பஸ் இல்லை. டாக்சிக்காரர் கேட்ட தொகையில் ஒரு வாரச் சமையலை முடித்துவிடலாம். நடந்தேன். மார்ன் ஆற்றைத் தாண்டியதும் ஏற்றம். இருபுறமும் திராட்சைத் தோட்டம், ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை. ஜெபமாலையை இரண்டாம் முறை முடிக்கும்போது குதிகால் தோல் உரிந்துவிட்டது. அறுவைக்குப் பிறகு அம்மா எடுத்துவைத்த முதல் பத்து அடிகளை நினைத்துக்கொண்டேன். வலி பெரிதாகத் தெரியவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் "வாருங்கள், சுவைத்துப் பாருங்கள்" என்ற அழைப்பு வாசலுக்கு வாசல். பழைய மடத்துக் கோயிலுக்குள்ளும் அமைதியில்லை. பீடத்துக்கு முன்னால் தரையில் பதித்த, ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் என்று பலர் சொல்லும் துறவி டோம் பெரிஞ்ஞோனின் கல்லறைக்கல்லைச் சுற்றி ஒரு சுற்றுலாக் கூட்டம். ஒருவர் அதன்மேல் போத்தலை வைத்துப் படம் எடுத்தார். எனக்கு நெஞ்சு கொதித்தது. திவ்விய நற்கருணை இருக்கும் இடமல்லவா!

அவர்கள் போனபின் மண்டியிட்டேன். கல்லில் இருந்தது லத்தீன். பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த முதிய பிரெஞ்சு அம்மையார் மெல்லிய குரலில் பொருள் சொன்னார்: 47 ஆண்டுகள் இந்த மடத்தின் பண்டகசாலைப் பொறுப்பாளர்; வீட்டுக் காரியங்களைப் பெரும் புகழோடு நடத்தியவர்; நற்குணங்கள் நிறைந்தவர், அனைத்திலும் மேலாக ஏழைகள்மேல் தந்தையின் அன்பு கொண்டவர்; 1715இல் 77ஆம் வயதில் இறந்தார்.

அவ்வளவுதான். மதுவைப் பற்றி ஒரு சொல் இல்லை! அவர் காலத்தில் மதுவில் நுரை வந்தால் அது குறை. அவரோடு வாழ்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் அவரை நினைத்துக் கல்லில் வெட்டியது பசித்தவர்களுக்கு அவர் காட்டிய அன்பை. என் அம்மாவும் நாற்பது ஆண்டுகளாக வீட்டுக் கணக்கையும் அரிசிப் பானையையும் பார்த்தவர். வாசலுக்கு வந்தவரை வெறும் கையோடு அனுப்பாதவர். அங்கேயே உடைந்து அழுதேன். ஹெலேனா தாயே, நீ தேடிக் கண்டெடுத்த திருச்சிலுவைக்கு நன்றி. அம்மாவின் ஒவ்வொரு மூச்சுக்கும் நன்றி. உன்னைச் சுமந்து ஓடிய அந்தத் துறவிக்கும் நன்றி. எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ, கோயிலைச் சுற்றிப் பார்க்கவே இல்லை.

திரியை ஏற்றிவிட்டு வெளியே வந்து அம்மாவை அழைத்தேன். கல்லின்மேல் வைத்த போத்தலையும் கல்லில் இருந்ததையும் சொன்னேன். ஏழைகளைப் பற்றிய வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"அந்தப் போத்தல் என்ன விலையப்பா?"

சொன்னேன்.

"நீ வாங்காத அந்தக் காசை அனுப்பிவை. வரும் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் வாசலில் சாப்பாடு போட்டுவிடுகிறேன்."