கொதிகலன் அறையில் எழுதியவர்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஆறு ஆண்டுகள் பாய்லர் பார்த்தவன் நான். இரவு ஷிப்டில் விறகைத் தள்ளி, நீராவி அழுத்தம் ஏறாமலும் இறங்காமலும் காத்து, கிடைத்த இடைவெளியில் ஷிப்ட் நோட்டின் பின்பக்கங்களில் பாட்டெழுதிய எனக்கு, லெனின்கிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரத்து ராக் பாடகர் விக்தர் த்சோயைப் பற்றிப் படித்தபோது அவர் பாடல்களுக்கு முன்னால் அவர் பார்த்த வேலைகளே மனத்தில் தைத்தன.

த்சோய் பிறந்தது 1962-இல். தந்தை கொரிய வம்சாவளிப் பொறியாளர். தாய் உடற்கல்வி ஆசிரியை. ஓவியப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட த்சோய், தொழிற்பள்ளியில் மரச்செதுக்கு பயின்றார். சிறிய ஜப்பானியப் பாணிப் பொம்மைகளைச் செதுக்கி நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவார். 1982-இல் அவருடைய கினோ இசைக்குழுவின் முதல் தொகுப்பு ரீல் நாடாவில் பதிவானது. ஏறத்தாழ 45 நிமிடம் ஓடியதால் அதன் பெயரும் '45' தான். அரசு நிறுவனம் எதுவும் வெளியிடாத அந்த நாடாவை, கேட்டவர்களே பிரதியெடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள்.

கைமாறிப் பரவிய பாட்டால் சோறு கிடைக்காது. சோவியத் நாட்டில் வேலையில்லாமல் இருப்பதே 'ஒட்டுண்ணி வாழ்க்கை' என்ற குற்றமாக இருந்தது. அதே நகரத்துக் கவிஞர் ஜோசப் பிராத்ஸ்கி 1964-இல் அந்தக் குற்றச்சாட்டில்தான் தண்டிக்கப்பட்டார். ஆகவே அங்கீகாரமில்லாத கலைஞர்கள் காவலாளிகளாகவும் தெருக்கூட்டுபவர்களாகவும் கொதிகலன் தொழிலாளர்களாகவும் சேர்ந்தார்கள். த்சோய் 1986-இல் ப்ளோகின் தெருவில் வீடுகளுக்கு வெப்பம் தரும், 'கம்சட்கா' என்று அழைக்கப்பட்ட கொதிகலன் அறையில் கரி அள்ளப் போனார்.

அந்த வேலையைச் சட்டத்துக்காகப் போட்ட வேடம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேர்ந்த காரணம் சட்டமாக இருக்கலாம், ஆனால் தீ வேடத்தை ஏற்காது. கரி குறைந்தால் மேல்மாடிகளில் குழந்தைகள் குளிரில் நடுங்குவார்கள். 1987-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அவரே கரி அள்ளுவதைக் காணலாம். அடுப்படியில் நின்று எழுதும்போது நீண்ட வரி தங்காது. கதவைத் திறந்து, கரியைப் போட்டு, சாம்பலை இழுத்து, கை துடைத்து நோட்டுக்குத் திரும்பும்வரை நினைவில் நிற்கும் வரிதான் வரி. இரவு, தெரு, மழை, சிகரெட் என்று எளிய சொற்களால் ஆனவை அவர் பாடல்கள். கரி அள்ளுவதற்கு முன்பே அவர் அப்படித்தான் எழுதினார் என்பதால் வேலை தந்த நடை என்று அதைச் சொல்லமாட்டேன். அந்த வேலையைத் தாங்கி நின்ற நடை அது.

1988-இல் அவர் நாயகனாக நடித்த படமும் 'இரத்த வகை' தொகுப்பும் வந்தன. கொதிகலன் வேலை முடிந்தது. 1990 ஜூன் 24 அன்று மாஸ்கோ லூஷ்னிகி அரங்கில் பெருங்கூட்டத்தின் முன் பாடியவர், ஆகஸ்ட் 15 அன்று லாத்வியாவில் கார் விபத்தில் இறந்தார். வயது 28.

அந்த அறை இப்போது அவர் நினைவு அருங்காட்சியகம். போக வாய்த்தால், கிட்டாரைப் பார்ப்பதற்கு முன் அடுப்பு வாய் இருந்த உயரத்தைப் பார்ப்பேன். அவர் குனிந்து கரி போட்டாரா, நிமிர்ந்து போட்டாரா என்பது அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.