மாத்திரையும் முழங்கால் ஜெபமும்

ஆராதனை நடுவே நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, மூச்சு முட்டினால் "ஆவிக்குரிய போராட்டமுங்க, ஜெபம் பண்ணிக்குங்க" என்பார்கள். ஜெபம் பண்ணுங்கள். கையோடு ரத்தமும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்புதான். டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை, ஒரு இ.சி.ஜி. எடுங்கள். எல்லாம் சரியென்றால் பதற்ற நோயாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். கோவை, ஈரோடு அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு போட்டே பார்க்கலாம். மாத்திரைக்கும் காசு இல்லை.

பதற்றத்துக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் 5 அல்லது 10 மி.கி.யில் தொடங்குவார்கள். முதல் வாரம் குமட்டும், பதற்றமே கொஞ்சம் கூடலாம். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். சுகமளிக்கும் கூட்டத்தில் தலையில் கைவைத்து ஜெபித்த அன்றே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறோம். சில நாளில் தலைசுற்றும், எரிச்சல் வரும், தலைக்குள் கரண்ட் அடித்தமாதிரி வெட்டும். மருந்து சட்டென்று நின்றதால் வருவது அது. விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். பதற்றத்தைச் சட்டென்று தணிக்கும் குளோனசெபாம் மாத்திரை எழுதினால் எத்தனை நாளைக்கு என்று அப்போதே கேளுங்கள், பழக்கமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை உபவாசத்தில் வெறும் வயிற்றில் டீயாகக் குடித்தால் மத்தியானத்துக்குள் கை நடுங்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு மறுநாள் முழு இரவு ஜெபத்துக்கும் உட்கார்ந்தால் இரண்டு ராத்திரித் தூக்கம் போச்சு. பதற்றத்துக்கு அதைவிடத் தீனி வேண்டாம். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும், பிறகு தூக்கம், மறுபடியும் சாப்பாடு (1 இராஜாக்கள் 19). பாஸ்டரிடம் இதைக் காட்டி, உபவாசத்துக்குப் பதில் மத்தியானம் அரைமணி ஜெபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெபத்துக்குள்ளேயே ஒரு கண்ணி உண்டு. "சரியாக ஜெபித்தேனா" என்று அதே காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது கவலையைத்தான் வளர்க்கும். சாயங்காலம் 15 நிமிஷம் ஒதுக்கி, கவலைகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே தரம் ஜெபித்து மூடிவையுங்கள். படபடப்பு வரும்போது 4 எண்ணி மூச்சு இழுக்கையில் "இயேசுவே", 6 எண்ணி விடுகையில் "இரங்கும்". ஐந்து நிமிஷம் போதும்.

சபையில் ஸ்பீக்கருக்குத் தள்ளி, வாசலோரமாக உட்காருங்கள். ராத்திரியில் உயிரை விடும் எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்: 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.