நெல் மோட் யாருக்குச் சொந்தம்? ஒரு புகார் மனுவின் கதை

மைன்கிராஃப்ட் கேமில் கோதுமை விளையும், கேரட் விளையும், உருளைக்கிழங்குகூட விளையும். நெல் மட்டும் கிடையாது. அந்தக் கடுப்பில் நாற்றங்கால், நடவு, களத்தில் தூற்றுவது எல்லாம் வருகிற மாதிரி அதன் ஜாவா பதிப்புக்கு ஒரு மோட், அதாவது கேமோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல், எழுதி இலவசமாக வெளியிட்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் அதே மோட்டின் ஜார் கோப்பு வேறொரு தளத்தில் கிடந்தது. சுற்றிலும் விளம்பரம், என் பெயரோ, படங்கள் வரைந்த தோழியின் பெயரோ எங்குமே இல்லை.

விளம்பரக் காசு போனால் போகட்டும். 2023 ஜூனில் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல் மோட் கோப்புகளுக்குள் புகுந்து பரவியது பலருக்கு ஞாபகம் இருக்கும். யாரோ கைவைத்த கோப்பை என்னுடையது என்று நம்பி ஒரு பையன் கணினியில் இறக்கினால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

"கேமே மைக்ரோசாஃப்டோடது, உனக்கு ஏதுடா உரிமை?" என்றுதான் நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இது கேமுக்குக் கேம் மாறும். டியூக் நியூகெம் 3டி என்ற கேமுக்கு ரசிகர்கள் செய்த 300 லெவல்களை ஒரு நிறுவனம் சிடியில் போட்டு விற்றது. அவை அசல் கேமிலிருந்து பிறந்த வழிப்படைப்புகள், அனுமதியில்லாமல் விற்க முடியாது என்று 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வார்கிராஃப்ட் 3 கேமுக்கு ரசிகர்கள் செய்த மேப் ஒன்றிலிருந்து கிளம்பிய டோட்டா என்ற கேம், வால்வ் என்ற வேறு நிறுவனத்தின் கைக்குப் போனதைப் பார்த்த வார்கிராஃப்ட் நிறுவனமான பிளிஸார்ட், 2020-இல் ரசிகர்களின் மேப்கள் எல்லாமே தனக்குச் சொந்தம் என்று விதியே எழுதிவிட்டது. மைன்கிராஃப்ட் உரிம ஒப்பந்தம் இந்த விஷயத்தில் பரவாயில்லை. முதலிலிருந்து நீங்களே எழுதிய மோட் உங்களுடையது, காசுக்கு விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, என்னுடையது என்று கோப்பை நீக்கச் சொல்லித் தைரியமாக மனு எழுத உட்கார்ந்தேன். எந்தப் படைப்பு மீறப்பட்டது, அதன் உரிமையாளர் யார் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நிரல் நான் எழுதியது. ஆனால் அதை எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் விட்டிருந்தேன். அந்த உரிமப்படி யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம், காப்புரிமை (காப்பிரைட்) குறிப்பை மட்டும் எடுக்கக்கூடாது. அந்தத் தளம் அதை எடுத்திருந்தது உண்மைதான். ஆனால் குறிப்பை ஒட்டிவிட்டு மறுபடி ஏற்றினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மோட்டில் அவர்கள் தொடவே கூடாத பகுதி படங்கள்தான்: நாற்று, கதிர், வைக்கோல் போர் என்று 16க்கு 16 பிக்சலில் என் தோழி வரைந்தவை, எல்லா உரிமையும் அவளுக்கே. ஜெர்மன், சீன மொழிக் கோப்புகள் விளையாடுபவர்கள் அனுப்பியவை. அவற்றை மனுவில் நான் தொடவேயில்லை.

"பேசாம உன் பேருக்கே எழுதிக் கொடுத்துடறேன்" என்றாள் தோழி. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்தபின் வேண்டாம் என்றேன். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. தன் சார்பில் புகார் செய்ய எனக்கு அதிகாரம் தருவதாக ஒரு மின்னஞ்சல் போதும். ஓர் உறவினர் முதலில் டெல்லியில் பதிவு செய் என்று பிடிவாதம் பிடித்தார். பதிவு கட்டாயமே இல்லை, படைப்பு உருவான கணத்திலேயே காப்புரிமை வந்துவிடுகிறது.

தளத்துக்காரரிடமிருந்து பதில் வரவில்லை. அவர்களுக்கு இடம் கொடுத்த சர்வர் நிறுவனம் அமெரிக்காவில் இருந்ததால் டிஎம்சிஏ என்ற அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி அங்கே மனு போட்டேன். அசல் பக்கத்தின் முகவரி, நகலின் முகவரி, ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயர், உரிமையாளர் சார்பில் செயல்பட அதிகாரம் உண்டு என்ற உறுதிமொழி. பொய்யென்றால் பொய்ச்சாட்சிக் குற்றம் என்பதால் அந்த வரியை இரண்டு பேரும் சேர்ந்தே படித்தோம். மனுவில் உங்கள் பெயரும் தொடர்பு விவரமும் எதிர்த்தரப்புக்குப் போகும், அதனால் வீட்டு ஃபோன் எண்ணைக் கொடுக்காதீர்கள். நீக்கியது தவறு என்று அவர்கள் எதிர்மனு போட்டிருந்தால் 10 முதல் 14 வேலைநாட்களுக்குள் நான் வழக்குத் தொடர வேண்டும், இல்லையேல் கோப்பு திரும்ப வந்துவிடும். அமெரிக்காவில் வழக்கு நடத்த நமக்கு ஏது வசதி? நல்லவேளை, போடவில்லை. கோப்பு போனது.

அதே நகல் இன்னொரு தளத்தில் இன்னும் இருக்கிறது. அதன் சர்வர்காரர்கள் எதற்கும் மசியவில்லை. அதனால் கூகுள் தேடலிலிருந்து மட்டும் நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். அப்படிப் போடும் மனுவின் நகல் லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்கும் போகும், தெரிந்துகொண்டு போடுங்கள். புதிய பதிப்பில் நிரலுக்கு ஓர் உரிமக் கோப்பு, படங்களுக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பு அனுப்புபவர்களிடம் எந்த உரிமத்தில் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சேர்க்கிறேன். சீனக் கோப்பு அனுப்பியவர் மட்டும் இன்னும் பதில் போடவில்லை.