பினாங்கு டைரி அச்சுக்குப் போன கதை

முதல் வெளிநாட்டுப் பயணம் பினாங்குக்கு. ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் எழுத்து என்று போன இடத்திலேயே டைரி எழுதினேன். ஊர் திரும்பியதும் நண்பர்கள் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். சரி, அச்சடித்துவிடலாம் என்று இறங்கினேன்.

ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை ஒன்று மாடிக்குக் கீழேயே ஓடும். வெயிலுக்கும் மழைக்கும் அங்கே ஒதுங்கித்தான் வரைந்தேன். காற்றில் அவ்வளவு ஈரம். வாட்டர்கலர் லேசில் காயாது. குயின் வீதி மாரியம்மன் கோபுரத்தின் பச்சை, டைரியை மூடியதும் எதிர்ப்பக்கத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பற்றி எழுதியிருந்த வரிகள்மேல் ஒட்டிக்கொண்டது. ஸ்கேன் செய்தபோதும் அதை அழிக்கவில்லை. பின்னணியை வெள்ளையாக்கச் சொன்னவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தாளின் சொரசொரப்பும் போய், படம் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

ஸ்கேனர் விஷயத்தில் கவனம் வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியில் படிந்த பகுதி மட்டும் துல்லியமாக விழும். தையல் ஓரம் மேடாக நிற்கும் இடம் மங்கிவிடும். கண்ணாடியில் படியாத இடத்தையும் ஓரளவு தெளிவாக எடுக்கும் சிசிடி வகை கிடைத்தால் நல்லது. அதே அளவில் அச்சிட 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், பெரிதாக்குவதென்றால் 600.

அப்புறம் அச்சகம். பெங்களூரு அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்தால் சுல்தான்பேட்டை. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே ஒரு டிஜிட்டல் அச்சகம். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி கன்னடத்தில் ஆரம்பித்து, என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வந்தார்.

சிக்கல் நீலத்தில் வந்தது. லீத் வீதியில் செங் ஃபட் ஸே என்ற வணிகரின் மாளிகை இருக்கிறது. சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசிய சுவர். நான் அல்ட்ராமரின் என்ற ஆழ்ந்த நீலத்தில் தீட்டியிருந்தேன். ப்ரூஃபில், அதாவது மாதிரி அச்சில், அது நாவல்பழ நிறத்துக்குப் போய்விட்டது. “திரையில தெரியுற நீலம் நாலு மையில வராதுக்கா. மெஜந்தாவைக் குறைச்சுப் பாக்கலாம்” என்றார் தம்பி. சயான் என்ற வெளிர்நீல மையைவிட மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மை முப்பது சதவீதமாவது குறைவாக இருந்தால்தான் நீலம் நீலமாக நிற்குமாம். குறைத்தார்; ஊதா போயிற்று. டைரியில் உள்ள ஆழம் வரவில்லைதான், ஆனாலும் அந்த வீட்டை அடையாளம் தெரிகிறது. முழுப் பிரதியும் ஓட்டுவதற்குமுன் அதே தாளில் ஒரு பக்கமாவது அடித்துப் பாருங்கள்.

பளபளக்கும் ஆர்ட் பேப்பர் வேண்டாம் என்று மேட் தாள் எடுத்தேன். நடு மடிப்பில் சென்டர் பின் அடிப்பதானால் மொத்தப் பக்கம் நாலால் வகுபட வேண்டும். மிஞ்சிய பக்கத்தில் அஸ்ஸாம் லக்ஸா என்ற பினாங்கு நூடுல்ஸ் கிண்ணத்தைப் போட்டேன்: மீன், புளி, மேலே இஞ்சிப்பூ. ‘மீன்குழம்பில் நூடுல்ஸ்’ என்று அடியில் எழுதியதை என் தங்கை எடுக்கச் சொல்கிறாள். எடுப்பதாக இல்லை.