தலைப்பொங்கலும் டி.எஸ்.பாலையாவும்

பொங்கலுக்கு ஊரெல்லாம் டிவில புதுப்படம் ஓடுனா எங்க பெரியப்பா வீட்டுல மட்டும் பழைய படம்தான் ஓடும். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல இருக்குற ஊரு, சம்பா அறுப்பு முடிஞ்சும் முடியாமலும் இருக்கும், வாசல்ல நெல்லு காயும், கூடத்துல நாங்க காயுவோம். காலைல பட்டிமன்றம் முடியுற வரைக்கும்தான் அங்க ஜனநாயகம். மத்தியானம் சாப்பாடு ஆயி வெத்தலையப் போட்டுக்கிட்டு பெரியப்பா ஈசிசேர்ல சாஞ்சாருன்னா ரிமோட்டு அவரு மடிக்குப் போயிரும், அப்புறம் பெண்டிரைவ்தான். அந்தப் பெண்டிரைவ் பீரோவுக்குள்ள நிலத்துப் பத்திரத்தோட ஒரே மஞ்சப்பைல இருக்கு, அதத் தொடுறதுக்கு எங்க யாருக்கும் பவர் கெடையாது.

அவரு படம் பாக்குற விதமே தனி. ஹீரோ ஹீரோயின் எல்லாம் டிக்கெட்டு விக்கிறதுக்கு வச்ச ஆளுங்க, படத்தத் தோள்ல தூக்கிச் சுமக்குறவன் பின்னாடி ஓரமா நிக்கிறவன்தான், இதான் அவரு கட்சி. சிவாஜி உருகி உருகி பேசிக்கிட்டிருப்பாரு, இவரு 'அவர விடுடா, அவர உலகமே பாக்குது, தூணு ஓரமா ஒருத்தரு நிக்கிறாரு பாரு, அவரு மூஞ்சியப் பாரு'ம்பாரு. தூணு ஓரமா நிக்கிறவரு பேரச் சொன்னாதான் அடுத்த சீன் நகரும். சொல்லலன்னா பாஸ் போட்டுட்டு அந்த நடிகரோட பூர்வீகத்துலேருந்து ஆரம்பிப்பாரு. வி.கே.ராமசாமி 1947ல நாம் இருவர் படத்துல அறுபது வயசுக் கிழவரா நடிச்சப்ப அவருக்கு இருபத்தொண்ணுதான்டாங்கறத நான் பொறந்ததுலேருந்து கேக்குறேன், அதச் சொல்லிட்டு என்னைய ஒரு பார்வை பாப்பாரு, அந்த வயசுல நான் அரியர் எழுதிக்கிட்டிருந்தேன்ல அதுக்கு. இதுனால ரெண்டரை மணி நேரப் படம் எங்க வீட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறந்து, ராத்திரி தோசை ஊத்துற வரைக்கும் ஓடும்.

ஊர்ப்பற்று வேற. மனோரமா பொறந்தது மன்னார்குடி, தங்கவேலு காரைக்கால் பக்கம், தில்லானா மோகனாம்பாள்ல ஹீரோ சிக்கல், ஹீரோயின் திருவாரூர், அப்புறம் என்னடா, சினிமாவே நம்ம காவேரித் தண்ணில வெளஞ்சதுதானேம்பாரு. மாயா பஜார்ல ரங்காராவ் 'கல்யாண சமையல் சாதம்'னு லட்டா முழுங்குறப்ப நாங்க வாயப் பொளந்துகிட்டு பாத்தா, 'வாயிதான் ரங்காராவ் வாயி, குரலு திருச்சி லோகநாதன், நம்ம ஆளு'ன்னு அதையும் டெல்டா கணக்குல வரவு வச்சுருவாரு. அவரு தெய்வம் டி.எஸ்.பாலையாவ மட்டுந்தான் சேக்க முடியல, அவரு ஸ்ரீவைகுண்டம் பக்கம். சித்தப்பா வேணும்னே அதக் கிண்டுனா, 'தாமிரபரணியும் நல்ல தண்ணிதான்டா'ன்னு பெரிய மனசு பண்ணி விட்டுருவாரு.

இந்த வருசம் பெரியப்பா பொண்ணுக்கு, அதாவது என் தங்கச்சிக்கு, தலைப்பொங்கல். மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரரு, சாஃப்ட்வேர், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுற தங்கமான புள்ளை. வெண்கலப் பானை, கரும்பு, மஞ்சக்கொத்துன்னு சீரெல்லாம் ஒரு கொறையும் இல்லாம வச்சாச்சு. பட்டு வேட்டிக்கு மேல பெல்ட்டப் போட்டு இறுக்கிக்கிட்டு, ரெண்டு தடவ சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்ட்டு, கண்ணு சொருகுற நேரத்துல, 'வாங்க மாப்ள, படம் பாப்போம்'னு பெரியப்பா பக்கத்து நாற்காலியத் தட்டுனாரு. நாங்க எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். தங்கச்சி கண்ணாலயே என்னமோ சொல்லிப் பாத்தா, அந்த ஆளுக்குப் புரியல.

போட்டது காதலிக்க நேரமில்லை. 1964ல ஸ்ரீதர் எடுத்தது, எந்த வீட்டுலயும் யாரையும் உக்கார வைக்கிற படம்தான், அதுல ஒண்ணும் ஆபத்தில்ல. ஆனா பாலையா ஸ்கிரீன்ல வந்ததும் வராததுமா பாஸ் விழுந்துச்சு.

'மாப்ள, இது யாரு சொல்லுங்க?'

மாப்பிள்ளை நிமிந்து உக்காந்து ரெண்டு கண்ணையும் நல்லாத் தொறந்து பாத்துட்டு, 'ரங்காராவுங்களா மாமா?'ன்னாரு.

கூடத்துல சத்தமே இல்ல. கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரப்பதம் 17க்கு மேல காட்டுனா அந்த ஆளு மூட்டைய ஒரு பார்வை பாப்பான்ல, பெரியப்பா மாப்பிள்ளைய அப்படிப் பாத்தாரு. எடுத்துக்கவும் முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. பெரியம்மாதான் உள்ளேருந்து ஓடியாந்து 'மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வடை வைக்கட்டுமா'ன்னு நெலமையச் சமாளிச்சாங்க. பெரியப்பா கத்தலாம் இல்ல, கத்தியிருந்தா தேவலாம், ரொம்ப மரியாதையா 'பரவால்ல மாப்ள, சென்ட்ரல் ஸ்டுடியோ, பக்ஷிராஜா ஸ்டுடியோன்னு ரெண்டு ஸ்டுடியோ வச்சிருந்த ஊர்க்காரரு நீங்க, அதான் ஒரு நம்பிக்கைல கேட்டுட்டேன்'னாரு. மாப்பிள்ளை வடையக் கடிக்கவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல.

அப்புறம் அந்த சீன் வந்துச்சு. நாகேஷ் அப்பாகிட்ட பேய்க்கதை சொல்ற சீன், தமிழ்நாட்டுல பாக்காத ஆளு கெடையாது, ஆனா பெரியப்பாவுக்கு அதுல ஒரு குறை, எல்லாரும் நாகேஷப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிட்டானுங்க, எதுத்தாப்ல உக்காந்து அதக் கேட்டுப் பயந்து குடுத்த மனுசன எவனும் சரியாப் பாக்கலன்னு. 'நாகேஷ் சொல்றாரு, சரி. கேக்குறவரு பயப்படலன்னா அது கதையா? கத்துற சத்தம்தானே?' அப்டின்னுட்டு தோள்ல கெடந்த துண்ட எடுத்துக்கிட்டு டிவிகிட்ட போயி நாகேஷ மறைச்சுப் புடிச்சுக்கிட்டு 'இப்ப பாருங்க மாப்ள, பாலையாவ மட்டும் பாருங்க'ன்னாரு.

நாகேஷ் ஒரு எடத்துல நிக்கிற ஆளா? அவரு இந்தப் பக்கம் வந்தா பெரியப்பா துண்டோட இந்தப் பக்கம், அவரு அந்தப் பக்கம் போனா இவரும் அந்தப் பக்கம், அவரு குனிஞ்சா இவரும் குனியுறாரு, எழுவது வயசுல ஒரு மனுசன் டிவிக்குள்ள ஓடுற நாகேஷத் துண்ட வச்சுத் தொரத்திக்கிட்டிருக்காரு. 'நீங்க நாகேஷ மறைக்கல, மொத்தப் படத்தையும்தான் மறைக்கிறீங்க'ன்னு பெரியம்மா கத்துறாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்தத் துண்டு எடைல கெடைச்ச கொஞ்சநஞ்ச எடத்துல நான் மொத மொறையா பாலையாவ மட்டும் பாத்தேன். மொதல்ல இந்தப் பய என்னத்தச் சொல்லிறப் போறாங்கிற அலட்சியம் இருக்கு. கொஞ்ச நேரத்துல அந்த எஸ்டேட் முதலாளி கெத்து கழண்டு விழுந்து கண்ணு மட்டும் பெருசாயிக்கிட்டே போவுது, ஒடம்பு உக்காந்த எடத்துலயே சின்னதாவுது, கடைசில பெத்த புள்ளையப் பாத்தே அப்பன் மெரளுறாரு. வசனம்னு பாத்தா ஒண்ணும் பெருசா கெடையாது, மூஞ்சிதான். 1936ல சதிலீலாவதில எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணனோட ஒண்ணா சினிமாவுக்கு வந்த ஆளு, 64ல புதுப் பசங்க படத்துல வந்து உக்காந்துகிட்டு எல்லாரையும் சாப்ட்டுட்டுப் போறாரு. மாப்பிள்ளை அந்த எடத்துல நெசமாவே விழுந்து விழுந்து சிரிச்சு வடை பொரையேறிருச்சு, அத ஒரு நல்ல சகுனமா நாங்க எடுத்துக்கிட்டோம்.

அன்னைக்கு ராத்திரி மாடில டியூசன். தங்கச்சி ஃபோன்ல படத்தக் காட்டிக் காட்டி ஒப்பிக்க வைக்கிறா, நான் கொசுவத்தி குடுக்கப் போனவன் அப்படியே நின்னு கேட்டேன். 'இங்க பாருங்க, ஆளும் பெருசு கம்பீரமும் பெருசுன்னா ரங்காராவ், முழி உருண்டா பாலையா, ஒரு வரிய ஒரு மைலுக்கு இழுத்தா வி.கே.ஆர்., கடகடன்னு சிரிச்சா பி.எஸ்.வீரப்பா, அழுதா எஸ்.வி.சுப்பையா, அடுத்தவங்கள அழ வச்சா சி.கே.சரஸ்வதி.' மாப்பிள்ளை எல்லாத்தையும் நோட்ஸ் எடுத்துக்கிட்டு 'இதுல சிலபஸ் எதுவரைக்குமுங்க?'ன்னு என்னைக் கேக்குறாரு. என்னத்தச் சொல்றது.

மாட்டுப்பொங்கலுக்கு பாகப்பிரிவினை. நடிகருங்களுக்காகத்தான் பெரியப்பா போட்டாரு, அண்ணனா பாலையா, தம்பியா எஸ்.வி.சுப்பையா, அண்ணன் பொண்டாட்டியா சி.கே.சரஸ்வதி, ஊடால பூந்து வீட்ட ரெண்டாக்குற சிங்கப்பூர் சிங்காரமா எம்.ஆர்.ராதா, ஒரே படத்துல இத்தனை பேரு எங்க கெடைப்பாங்க. வெவகாரம் என்னன்னா, பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கொல்லைல இருக்குற தென்னை யாருக்குங்கறதுல கொஞ்ச நாளாவே ஒரு இது. மாடு குளிப்பாட்டி, பொட்டு வச்சு, மாலை போட்டு எல்லாரும் சந்தோசமா வந்து உக்காந்திருக்கோம், படத்துல அண்ணன் தம்பி பேச்சு முத்திப் பாகம் பிரிக்கிற கட்டம் வந்துருச்சு. பெரியப்பா பாஸே போடல. சித்தப்பா உத்தரத்தப் பாத்துக்கிட்டிருக்காரு. சி.கே.சரஸ்வதி வாயத் தொறக்குறப்பல்லாம் பெரியம்மா சித்தியப் பாக்குறாங்க, சித்தி பெரியம்மாவப் பாக்குறாங்க, ரெண்டு பேருமே இது அடுத்தவளுக்குன்னு நெனைக்கிறாங்க.

இதுல சிங்கப்பூர்லேருந்து லீவுல வந்த மாமா வேற அங்கதான் உக்காந்திருக்காரு. வந்ததுலேருந்து கோடாலித் தைலமும் சாக்லேட்டும் குடுத்துக்கிட்டே, 'பேசாம சர்வேயர வச்சு அளந்து ஒரு காம்பவுண்டப் போட்டுருங்க, அங்கல்லாம் அப்படித்தான்'னு ரெண்டு தரப்புக்கும் தனித்தனியா யோசனை சொன்னவரு. ஸ்கிரீன்ல எம்.ஆர்.ராதா வந்து நின்னதும் மொத்தக் கூடமும் மெதுவாத் திரும்பி மாமாவப் பாத்துச்சு. சின்னப் பசங்க உட்பட. மாமா 'எனக்கு ஒரு ஃபோன் பண்ணணும்'னு வாசப்பக்கம் போனவருதான், படம் முடியுற வரைக்கும் நெல்லக் கெளறிக்கிட்டே இருந்தாரு. தென்னைப் பேச்ச அதுக்கப்புறம் யாரும் எடுக்கல, மறுநாள் காலைல சித்தப்பா வீட்டுக்கு நாலு எளநி போச்சு. மாப்பிள்ளை அன்னைக்குக் கேட்டதுல பாதிக்குப் பதில் சொல்லிட்டாரு, ஆனா அத யாரும் கவனிக்குற நெலமைல இல்ல, பாவம்.

காணும் பொங்கல் அன்னைக்குக் கடைசிப் படம் பேரு 'நான்', 1967ல வந்தது, ரவிச்சந்திரன், ஜெயலலிதா. பெரியப்பா இந்தத் தடவ வேணும்னே கஷ்டமா ஒண்ணு வச்சிருந்தாரு. ஒல்லியா, சலிச்சுப் போன மூஞ்சியோட ஒருத்தரு வந்தாரு, பாஸ். பெரியப்பா வாயத் தொறந்து கேக்கவே இல்ல, மாப்பிள்ளை நாற்காலியிலேருந்து எந்திரிச்சே நின்னுட்டாரு.

'மாமா! வரும் ஆனா வராது!'

சின்னப் பசங்கள்லாம் ஓன்னு கத்திக் கைதட்டுறானுங்க. பெரியப்பாவுக்கு ஒண்ணும் புரியல. என்னத்த கன்னையா, இந்தப் படத்துல 'என்னத்த'ன்னு சொல்லிச் சொல்லியே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சுன்னு ஒரு பிரசங்கமே தயாரா வச்சிருந்தாரு மனுசன். 'அது என்ன மாப்ள, வரும் வராதுன்னு?' மாப்பிள்ளை ஃபோன எடுத்து 2007ல வந்த தொட்டால் பூ மலரும் படத்துல வடிவேலுகிட்ட கன்னையா அதச் சொல்ற காமெடியப் போட்டுக் காட்டுனாரு. பெரியப்பா கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தாரு. வடிவேலு படபடக்குறாரு, கெழவரு அசையவே இல்ல, அதே மூஞ்சி, அதே சலிப்பு. நாப்பது வருசம் கழிச்சு. மறுபடி போடச் சொன்னாரு. அப்புறம் மறுபடி. தனக்குத் தெரியாம கன்னையா இப்படி ஒரு வேலை பண்ணியிருக்காரேன்னு அவருக்கு ஆத்தாமையா சந்தோசமான்னு கண்டுபுடிக்க முடியல. கடைசில துண்ட எடுத்து வடிவேலு இருக்குற பக்கமா ஃபோன மறைச்சுக்கிட்டு ஒருவாட்டி பாத்தாரு பாருங்க, அப்பதான் மாப்பிள்ளை பாஸாயிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுது.

ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏத்திவிட நீடாமங்கலம் டேசனுக்கு எல்லாரும் போனோம். பெரியம்மா முறுக்கு டப்பாவும் பச்சரிசிப் பையுமா குடுத்தாங்க, பெரியப்பா மஞ்சப்பைலேருந்து ஒரு புதுப் பெண்டிரைவ எடுத்து மாப்பிள்ளை சட்டைப்பைலயே போட்டாரு. 'இதுல தங்கவேலு படமா ஏத்தியிருக்கேன். சித்திரைக்கு வர்றப்ப எது எம்.சரோஜா எது டி.பி.முத்துலட்சுமின்னு கலங்காம சொல்லணும், என்ன?'

'கண்டிப்பா வருவேனுங்க மாமா'ன்னுட்டு வண்டில ஏறுன மாப்பிள்ளை ஜன்னல் வழியா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, 'ஆனா லீவு வராதுங்க'ன்னாரு.