கை ஏன் தாமதித்தது: பிட்சராக நான் கடந்த ஓராண்டு

பதின்மூன்று வயது வரை மதுரையில் கிரிக்கெட் பந்தைத் தவிர வேறெந்தப் பந்தையும் நான் வேகமாக எறிந்ததில்லை. அப்பாவின் வேலை காரணமாக நாங்கள் நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்த பிறகு, பள்ளி மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து நான் பந்தெறிவதைப் பார்த்த பேஸ்பால் பயிற்சியாளர் என்னைப் பிட்சராக்கினார், அதாவது மட்டையாளருக்குப் பந்தெறிபவராக. முதல் ஆண்டு நல்லபடியாகவே கழிந்தது. பத்தாம் வகுப்புப் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே, எறிந்த பந்து எங்கே போகும் என்று எனக்கே தெரியாத நிலை வந்துவிட்டது.

பிட்சர் நிற்கும் ரப்பர் பலகையிலிருந்து, மட்டையாளர் அருகில் நிற்கும் ஹோம் பிளேட் என்ற தட்டு 18.44 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் அகலம் 17 அங்குலம். அந்த அகலத்துக்குள் மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே பந்தைச் செலுத்த வேண்டும். என் பந்துகள் எல்லாம் ஒரே விதமாகப் பிழைத்தன: உயரமாக, என் வலப்பக்கம் விலகி, வலக்கை மட்டையாளரின் முகத்தை நோக்கிப் போயின. பேஸ்பாலில் மூன்று பேர் ஆட்டமிழந்தால் முடிந்துவிடும் சிறு இன்னிங்ஸ்கள் பல உண்டு. ஓர் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே நான்கு பேருக்கு ‘வாக்’ கொடுத்தேன், அதாவது தலா நான்கு பந்துகளைப் பிழையாக எறிந்து அவர்களை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பினேன். ஐந்தாமவருக்கு எறிந்தபோது முழங்கையின் உட்புறத்தில் சுரீரென்று வலித்தது.

அதற்கு முன்பே அறிவுரைகள் குவிந்திருந்தன. முழங்கையை உயர்த்து என்றார் ஒருவர். பந்தைச் சீக்கிரம் விடுகிறாய், இன்னும் சற்றுப் பிடித்து வைத்திரு என்றார் இன்னொருவர். இரண்டையும் உண்மையாக முயன்றேன், இரண்டும் வலியைத்தான் கூட்டின. கோளாறு மனத்தில்தான் என்று சொன்னவர்கள் ஸ்டீவ் பிளாஸ் என்ற தொழில்முறைப் பிட்சரின் கதையை நினைவூட்டினார்கள். 1972இல் பிட்ஸ்பர்க் அணிக்காக 19 ஆட்டங்களை வென்ற அவர், அடுத்த ஆண்டு 88 இன்னிங்ஸ்களில் 84 முறை வாக் கொடுத்தார். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை, அவரது ஆட்ட வாழ்வும் விரைவில் முடிந்தது. அந்தக் கதையைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னைப் பொறுத்தவரை பயம் பின்னால் வந்ததுதான். உடல் முதலில் பிழைத்தது, அதைக் கண்டு மனம் மிரண்டது.

எம்.ஆர்.ஐ. படத்தில் முழங்கையின் உட்பக்கத் தசைநார் கிழியவில்லை என்று தெரிந்தபோது அம்மா அழுதுவிட்டார். அது முழுவதும் கிழிந்தால் பெரும்பாலும் வேறோர் இடத்து நாணை எடுத்துப் பொருத்தும் டாமி ஜான் அறுவை சிகிச்சைதான் வழி. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த அந்தச் சிகிச்சையைப் பற்றி அம்மா அதற்குள் நிறையப் படித்திருந்தார். எனக்கு இருந்தது தசை அழற்சி மட்டுமே. ஆறு வாரங்கள் எறியக் கூடாது என்றார் மருத்துவர்.

அந்த ஆறு வாரங்கள்தான் எனக்கு விடை தந்தன. நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைபேசியில் அப்பா முன்பு எடுத்திருந்த காணொளிகளை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்த்தேன். இடது கால் தரையில் ஊன்றும் கணத்தில் பந்து பிடித்த கை மேலே எழுந்து நின்றிருக்க வேண்டும். என் கையோ அப்போதுதான் இடுப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்குள் மார்பு மட்டையாளரை நோக்கித் திரும்பிவிட்டதால், பின்தங்கிய கை உடலைத் துரத்திக்கொண்டு வந்தது, அந்த இழுவையின் பாரம் முழுவதும் முழங்கையின் உட்புறத்தில் இறங்கியது. தொழில்முறைப் பிட்சர்களின் தோள் நொடிக்கு ஏறத்தாழ 7,000 பாகை வேகத்தில் சுழல்கிறது என்கிறார்கள். என்னுடையது அதைவிடக் குறைவுதான் என்றாலும், பந்தை விடும் கணத்தில் எதையும் எண்ணித் திருத்த அவகாசம் கிடையாது. பிழை அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

மார்பு ஏன் முந்தியது என்று மேலும் பின்னோக்கிப் பார்த்தபோது என் இடக்கையில் போய் நின்றேன். வேகப்பந்து வீசும்போது பந்து பிடிக்காத இடக்கையை உயர்த்தி, இலக்கை அதன்மேல் பார்த்து, பிறகு இடுப்பை நோக்கி வலுவாக இழுக்க வேண்டும் என்று மதுரையில் கற்றிருந்தேன். ஓடிவரும் வேகத்தோடு நேரான கையால் வீசும் பந்துவீச்சுக்கு அது பொருந்தும். நின்ற இடத்திலிருந்து ஒரே எட்டில் வேகத்தை உண்டாக்கி, முழங்கையை மடக்கி எறியும் பிட்சர், இடக்கையில் மாட்டிய கையுறையை அப்படி இழுத்தால், முன்தோள் கால் ஊன்றும் முன்பே திறந்துகொள்கிறது. எனக்குப் பலமாக இருந்த பழக்கமே இங்கே பிழையாகிவிட்டது. யாருடைய தவறும் அதில் இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

எறியும் பயிற்சியை 45 அடியில் தொடங்கி, 60, 90, 120 என்று வாரக்கணக்கில் நீட்டினோம். அதைவிட முக்கியமான வேலை குளிர்காலத்தில் வீட்டின் கார் கொட்டகையில் நடந்தது. அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து கையுறையை நீட்டுவார். ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரிழைத் துண்டின் ஒரு நுனியை முடிச்சிட்டு, மறுநுனியை நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துக்கொண்டு, பந்தெறியும் அசைவை அப்படியே செய்ய வேண்டும். தோள் மூடியிருந்து உடல் முழுமையாக முன்னே சென்றால் முடிச்சு கையுறையில் பட்டென்று அறையும். தோள் சீக்கிரம் திறந்தால் ஒரு சாண் முன்னதாகவே விழுந்துவிடும். இடக்கையை இழுக்காமல், கையுறையை மார்புக்கு முன்னால் நிறுத்தி, மார்பை அதனிடம் கொண்டுசெல்வது மட்டுமே என் வேலை. முதல் வாரம் பத்துக்கு இரண்டு முறைதான் அந்தச் சத்தம் கேட்டது. தைப்பொங்கல் நெருங்கும்போது, கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா சத்தத்தை வைத்தே சரி, தவறு என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஏப்ரலில் மீண்டும் பிட்சர் நின்று எறியும் மண்மேட்டில் ஏறினேன். நான்காவது இன்னிங்ஸில் ஒரு பந்து பழையபடி உயர்ந்து வலப்பக்கம் பறந்தது. வயிறு ஒருமுறை கலங்கியது. கையுறையை இழுத்துவிட்டேன் என்பது உடனே தெரிந்தது. மேட்டின் பின்பக்கம் இறங்கி, பந்தில்லாமல் ஒருமுறை அசைவைச் செய்துபார்த்து, ஏறி எறிந்தேன். ஹோம் பிளேட்டின் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் கையை நகர்த்தவே இல்லை. ஐந்து இன்னிங்ஸ், இரண்டு வாக், 71 பந்துகள். பதினாறு வயதுக்காரருக்கு அத்தனை பந்துகளுக்குப் பின் மூன்று நாள் ஓய்வு என்பது அங்கே பின்பற்றப்படும் வழிகாட்டுதல். அப்பா அன்றிரவே நாட்காட்டியில் மூன்று கட்டங்களை அடித்துவைத்தார்.